பனியில் வைத்த இன்குபேட்டர்கள்

ஐஜார்கினை எங்கள் மருத்துவமனையில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவள் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கணவாய்ப் பாதையைப் பனி மூடுவதற்குச் சற்று முன்புதான் அவள் எங்கள் மலையூர் கரா-பெல்லுக்கு வந்து சேர்ந்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவள், அங்கே யாரோடோ சண்டை பிடித்ததால் இந்த மலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு. அவளைப் பார்த்த அன்றே அந்தப் பேச்சை நம்பினேன். பிறந்த குழந்தைகள் அறைக்குள் வந்தாள். ஒரு சலாம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. நேரே கைகழுவும் தொட்டியிடம் போனாள்.

"சோப்பு எங்க?"

"அலமாரில இருக்கு. பூட்டி வச்சிருக்கோம். வெளிய வச்சா காணாமப் போயிடும்" என்றேன்.

"கை கழுவுற இடத்துல இல்லாத சோப்பு ஏற்கனவே காணாமப் போனதுதான். எடுத்து வை, துர்சுனாய்."

என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் படித்துத்தான் அப்படிக் கூப்பிட்டாள். என்னைவிட இளையவள். 'துர்சுனாய் எஜே' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட வேண்டியவள். எங்கள் ஊரில் குடிகாரன்கூட அந்த மரியாதையை விடமாட்டான். சோப்பை எடுத்து, தொட்டியின் விளிம்பில் சத்தம் வருகிற மாதிரி வைத்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

குளிர் இறுகியதும் குழாய்கள் உறைந்தன. ஒவ்வொரு வருஷமும் உறைவதுதான். பாய்லர் அறையிலிருந்து வாளியில் சுடுநீர் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் முன்னால் கை கழுவச் சொன்னாள். கழுவுகிறோமா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். என் தோழி ஒருத்தி ஊருக்கே தெரிகிற மாதிரி நீள நகம் வளர்த்து வைத்திருந்தாள். அவளை எல்லார் முன்னாலும் உட்காரவைத்து நகத்தை வெட்டச் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே வெட்டினாள். என் கைகள் வெடித்து, விரல் மடக்கினால் ரத்தம் கசிந்தது. இரவில் ஆட்டுக் கொழுப்பைத் தடவிக்கொண்டு படுப்பேன், காலையில் எழுந்ததும் அவளைத் திட்டுவேன்.

தலைமை மருத்துவர் ஓர்மோன்பெக்கிடம் போய் முறையிட்டோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. நிலக்கரிக்கும் மருந்துக்கும் மாவட்ட அலுவலகத்தில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்து, கெஞ்சி, கோபித்து, எதையாவது கையில் வாங்காமல் திரும்பாதவர். அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு பெரிய புகைப்படம் தொங்கும். அதில் அவர் சிவப்பு ரிப்பனை வெட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இரண்டு புத்தம் புது இன்குபேட்டர்கள். ஏதோ வெளிநாட்டு அமைப்பு கொடுத்தவை. அவை வந்த பிறகு பக்கத்து மாவட்டத்திலிருந்தும் பிரசவத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. வசந்தம் வந்தா இவளே ஓடிடுவா" என்றார் அவர்.

அந்தக் குளிர்காலத்தில் குழந்தைகள் சாவது வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. குறைமாதம் என்று எழுதிவிடுவோம். ஐஜார்கின் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"குறைமாசம் ஒரு நோய் இல்ல. எதனால செத்தது?"

"அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள் ஒரு நர்ஸ்.

"அவர் ஷிப்டுல இல்ல. நீதான் இருந்த."

இப்படிப் பேசுகிறவளை யாருக்குப் பிடிக்கும்?

அப்போதுதான் மேல் கிராமத்திலிருந்து நூர்ஜாத் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நாள் ஆகாத இரட்டைப் பிள்ளை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வயிற்றைத் திறந்து இரண்டு ஆண் குழந்தைகளையும் எடுத்தார்கள். அவளைப் பெரியவர்கள் வார்டுக்கு நினைவில்லாமல் தூக்கிப் போனார்கள். குழந்தைகள் இரண்டும் என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தன. பெரியவனை ஒரு இன்குபேட்டரிலும் சின்னவனை இன்னொன்றிலும் வைத்தோம். அவர்களின் அப்பன் துராத் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். கணவாய்க்கு அந்தப் பக்கம், பனிச்சரிவில் மாட்டிக்கொண்ட வண்டிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. பெரியவன் நான் குழாய் வழியாக ஊட்டிய பாலைத் தாங்கினான். பிறகு திடீரென்று பாலைக் கக்கினான். உடம்பு குளிர்ந்தது. வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாக மாறியது. ஐஜார்கின் இருந்த மருந்தையெல்லாம் ஏற்றினாள். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தாள். காலையில், நாங்கள் ஷிப்டு மாறுகிற நேரத்தில், அவன் போய்விட்டான்.

அவள் அழவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காலி இன்குபேட்டருக்குள் தலையை விட்டாள். நாய் மாதிரி மோந்து பார்த்தாள்.

"துர்சுனாய், இங்க வா. மோந்து பாரு."

"பிளாஸ்டிக் வாசனை."

"இன்னும் நல்லா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முழந்தாளிட்டு, அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை இழுத்தாள். உள்ளே காற்று ஈரமாக இருப்பதற்காக வைத்த தொட்டி அது. இழுத்ததும் எனக்கும் வாசனை தெரிந்தது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத பூச்சாடியை மோந்த மாதிரி. தொட்டியின் சுவரெல்லாம் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"இதைக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"

"கழுவுறது கிடையாது. கொறைஞ்சா ஊத்துவோம்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி. இங்க வேற எந்தத் தண்ணி இருக்கு?"

"யாரும் சொல்லித்தரலையா?"

"கொண்டுவந்து குடுத்தவங்க ஒரு மத்தியானம் இருந்தாங்க. பாதி நேரம் போட்டோ எடுத்தாங்க, பாதி நேரம் பெஷ்பர்மாக் விருந்து சாப்பிட்டாங்க. புத்தகம் ஒண்ணு குடுத்தாங்க, எங்க யாருக்கும் தெரியாத பாஷையில. இப்ப என் மேல பாயாதீங்க."

எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவள் என்மேல் பாயவில்லை. எழுந்து, சின்னவன் இருந்த இன்குபேட்டரைத் திறந்தாள். கோட்டையும் ரவிக்கையையும் பொத்தான் கழற்றி, வெறும் தோலில் அவனைத் தவளை மாதிரி ஒட்டவைத்து, தன் சால்வையால் இறுக்கிக் கட்டினாள். தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி போட்டாள். அவள் கழுத்துக்குக் கீழே ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது.

"ரெண்டு பெட்டியையும் வெளிய தூக்குங்க."

"வெளியன்னா?"

"முற்றத்துக்கு. இங்க வச்சா அடுத்த ஷிப்டுல யாராவது மறுபடி ஒரு குழந்தையை உள்ள போட்டுடுவீங்க. மத்த குழந்தைங்களோட அம்மாக்களைக் கூப்பிடுங்க. உள்ள வரட்டும்."

எங்கள் வார்டில் தாய்மார்கள் உள்ளே வரக்கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், பால் நேரத்துக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். அது எங்கள் மாமியார் காலத்து மருத்துவமனையிலிருந்து வந்த சட்டம். அம்மாக்களோடு கிருமி வரும் என்று படித்துத்தான் நாங்கள் நர்ஸ் ஆனோம்.

"தலைமை மருத்துவர்கிட்டக் கேக்காம நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

"அப்ப நகரு."

குழந்தையைக் கட்டிக்கொண்டே அவள் ஒரு இன்குபேட்டரைத் தள்ள ஆரம்பித்தாள். சக்கரம் வாசற்படியில் தட்டி, அவள் தடுமாறினாள். குழந்தையோடு விழுந்துவிடப் போகிறாளே என்றுதான் நாங்கள் பிடித்தோம். அப்படியே தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் இறக்கினோம். பனி தூறிக்கொண்டிருந்தது. வெளிநோயாளி வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மாடி ஜன்னலில் ஓர்மோன்பெக்கின் முகம் தெரிந்தது.

அவர் கீழே இறங்கி வருவதற்குள் துராத் வந்துவிட்டான்.

பாதை திறந்ததும் நேரே வந்திருந்தான். முகம், கழுத்து, கை எல்லாம் கரி. பின்னால் அவன் தம்பிகள் இரண்டு பேர். வாசலில் சிரித்துக்கொண்டே நின்றான். அவனுக்கு இரட்டைப் பிள்ளை என்று போனில் யாரோ சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் சாவை நேராகச் சொல்வதில்லை. மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். உட்காருவார்கள். ரொட்டியைப் பிட்டு வைப்பார்கள். ஊர், மழை, ஆடு என்று பேசி, கேட்கிறவனின் மனம் தானாகவே அந்த இடத்துக்கு வந்து நின்றபிறகுதான் வாய்விட்டுச் சொல்வார்கள். எதிரிக்குக்கூட அப்படித்தான். அதற்காக நான் ஓர்மோன்பெக்கைக் கூப்பிட்டு வர ஆள் அனுப்பினேன். ஐஜார்கின் காத்திருக்கவில்லை.

"நீதான் அப்பாவா? பெரியவன் காலைல செத்துட்டான். இவன் சின்னவன். இவனுக்கு சூடு வேணும், உன் பெண்டாட்டியால எழுந்திருக்க முடியாது. அழறதுன்னா அப்புறம் அழு. இப்பக் கையைக் கழுவிட்டுச் சட்டையைக் கழட்டு."

துராத்தின் முகத்தில் அந்தச் சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாய் சிரித்தபடியே இருக்க, கண்கள் மட்டும் மாறின. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"என்ன சொன்ன?"

"கேட்டுதுல்ல."

தம்பிகள் பிடித்திருக்காவிட்டால் அவளை அடித்திருப்பான். அடிக்காமல் விட்டதற்குக் குழந்தை அவள் மார்பில் இருந்ததும் ஒரு காரணம். "நீ பொம்பளையா? உன்னைப் பெத்தவ யாரு?" என்று கத்தினான். "என் பிள்ளையை மிஷின்லேருந்து தூக்கினது நீதானே? பனியில தூக்கிப் போட்டிருக்கியே, நான் பார்த்தேனே."

அவள் உள்ளே போய்விட்டாள். அவன் தம்பிகளோடு ஓர்மோன்பெக்கின் அறைக்கு ஏறினான். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

ஓர்மோன்பெக் எழுந்து நின்று, இரண்டு கையாலும் துராத்தின் கையைப் பிடித்து, முறைப்படி துக்கம் கேட்டார். தேநீர் வரவழைத்தார். பிறகு, "புது டாக்டர் என்னைக் கேக்காம பண்ணின வேலை இது. அரசாங்கச் சொத்து. இப்பவே ரெண்டையும் உள்ள கொண்டுவரச் சொல்றேன். உங்க சின்னப் பையன் அதுலதான் இருப்பான்" என்றார்.

"அவ அவன்கிட்ட வரக்கூடாது, பைக்கே" என்றான் துராத், அண்ணன் முறை வைத்து.

"வர மாட்டா."

அப்போது கதவு திறந்தது. ஐஜார்கின் நின்றாள். மார்பில் குழந்தை. கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை, அதில் கலங்கலாகத் தண்ணீர். அடியில் இளஞ்சிவப்பாக இழை இழையாக மிதந்தது. நேரே வந்து தலைமை மருத்துவரின் தேநீருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன கோலம் இது? மறைச்சுக்கிட்டு வாங்க" என்றார் ஓர்மோன்பெக், கண்ணைத் திருப்பிக்கொண்டு.

"குடிங்க."

"என்ன இது?"

"உங்க பெட்டிக்குள்ள இருந்த தண்ணி. இதோட ஆவியைத்தான் அந்தப் பையன் மூச்சா இழுத்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னா உங்களுக்கும் ஆகாது. குடிச்சுக் காட்டுங்க, நானே பெட்டியை உள்ள தூக்கிட்டு வரேன்."

"என்னைப் பயமுறுத்துறீங்களா?"

"ஆமா."

ஓர்மோன்பெக் சிவந்துபோனார். "இதுக்கு என்ன ஆதாரம்? பரிசோதனை செஞ்சீங்களா? மாகாணத்துக்கு அனுப்பி முடிவு வந்துச்சா? ஒரு கோப்பைத் தண்ணியை வச்சுக்கிட்டு நாடகம் ஆடுறீங்க."

"அனுப்பியாச்சு. வரட்டும். வர வரைக்கும் குழந்தையை எதுல வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

துராத் கையை நீட்டிக் கோப்பையை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். அவன் லாரிக்காரன். கெட்டுப்போன ரேடியேட்டர் தண்ணீரை மோந்து பார்த்துப் பழகியவன். கோப்பையைத் திரும்ப வைத்தான், ஓர்மோன்பெக்கின் பக்கமாக. பிறகு ஐஜார்கினைப் பார்த்தான்.

"எங்க கழுவணும்?"

அவளே ஊற்றினாள். நான் ஜக்கைக் கேட்டும் கொடுக்கவில்லை. முதல் தண்ணீர் தார் மாதிரி ஓடியது. "நகத்துக்கு அடியில. இன்னும். முழங்கை வரைக்கும்." அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். மார்பையும் சோப்புப் போட்டுத் துடைக்கவைத்தாள். பெண்கள் வார்டில் ஒரு ஆண் சட்டையில்லாமல் உட்கார்ந்தான். மற்ற தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

சால்வையை அவிழ்த்து, குழந்தையை அவன் மார்புக்கு மாற்றிக் கட்டினாள். அவன் குனிந்து பிள்ளையின் முகத்தையே பார்த்தான்.

"சாஞ்சு உக்காரு. குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்காத, அவன் கழுத்து மடங்கும்."

"உன்னை நான் மறக்க மாட்டேன்" என்றான்.

"மறக்க வேணாம். கையை அவன் முதுகுல வை."

அப்படித்தான் ஆரம்பித்தது. பெரியவனைத் தம்பிகள் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். தகப்பன் போகவில்லை. போகலாம், நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஐஜார்கின் சொன்னாள். "உன்கிட்ட ஒருத்தனை விட்டது போதும்" என்றான். அடக்க நேரத்தில் அவன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். போர்வைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் மெல்ல ஓதினாள்.

துராத்தும் ஐஜார்கினும் ஒரு நாள்கூட இணக்கமாகப் பேசி நான் கேட்கவில்லை. அவள் வருவாள். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். நூர்ஜாத்தின் மார்பிலிருந்து பிழிந்து எடுத்த சொட்டுப் பாலைக் குழாய் வழியாக ஊட்டச் சொல்வாள். "காலைல தேநீர் குடிச்ச கையோட தொட்டியா?" என்று கேட்பாள். "இல்ல" என்பான். "கழுவு" என்பாள். "கழுவிட்டேன்னு சொல்றேன்ல?" "என் எதுர்ல கழுவு." எங்களுக்கு நடந்த அதே அவமானம் அவனுக்கும் நடந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

லாரிக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்கள்.

"துராத், பால் வருதா?"

"வந்தா உனக்கும் தரேன். வாயைத் தொறந்து வச்சிரு."

"அடுத்து ஏப்ரான் கட்டிக்கிட்டு வரப்போறான் பாரு."

அவன் காலால் ஜன்னலை எட்டி உதைக்கப் பார்ப்பான். குழந்தை அசையும். உடனே அடங்கிவிடுவான்.

ஓர்மோன்பெக் மாகாணத்துக்குப் புகார் எழுதினார். அதற்குள் உள்ளே இருந்த தாய்மார்களின் குடும்பங்களும் அவளை எதிர்த்துக் கிளம்பிவிட்டன. "எங்க மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது ஓய்வுக்கு. பிள்ளையைக் கட்டித் தூக்கிட்டுத் திரியறதுக்கா? அதை வீட்டுலயே செய்வாளே" என்று ஒரு மாமனார் வாசலில் நின்று கத்தினார். "அப்ப வீட்டுலயே செஞ்சிருக்கலாமே, ஏன் செய்யல?" என்று ஐஜார்கின் கேட்டாள். அவர் அவள் காலடியில் துப்பினார். துப்பிய இடத்தைத் துடைக்கச் சொல்லி அவரிடமே துணியை நீட்டினாள். அந்தக் கிழவர் துடைக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. போவது புதிதில்லை. ஆக்சிஜன் இயந்திரம் நின்றது. அறை மங்கலாயிற்று. நான் மூலையில் இன்னொரு குழந்தைக்கு மருந்து அளந்துகொண்டிருந்தேன். துராத்தின் குரல் வந்தது, மிக மெதுவாக.

"எஜே, மூச்சு நின்னுடுச்சு."

நான் திரும்புவதற்குள் கதவருகிலிருந்து ஐஜார்கின் கத்தினாள். "உள்ளங்காலைத் தேய். முதுகைத் தேய். நான் வர வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காத."

எவ்வளவு கழுவியும் கரித்தடம் போகாத அந்தப் பெரிய விரலால் அவன் அந்தச் சின்னப் பாதத்தைத் தேய்த்தான். உதடு நீலமாகியிருந்தது. "டேய். டேய், சின்னவனே. இங்க வா" என்று கூப்பிட்டுக்கொண்டே தேய்த்தான். ஐஜார்கின் காற்றடிக்கும் பையோடு வந்து முழந்தாளிட்டாள். முகமூடியை வைக்கப் போகும்போது குழந்தை உடம்பை முறுக்கி, ஒரு பூனைக்குட்டியின் சத்தத்தோடு மூச்சை இழுத்தது. நிறம் திரும்பியது. அவள் பையைக் கீழே வைக்காமல் வெகு நேரம் அப்படியே காத்திருந்தாள்.

துராத்துக்கு வியர்த்து ஊற்றியது. பயம் போனதும் கோபம் வந்தது.

"மிஷின்ல இருந்தா மணி அடிச்சிருக்கும்ல?"

"அடிச்சிருக்கும். கரண்ட் இருந்தா."

"நான் தூங்கியிருந்தா?"

"தூங்கலையே."

"தூங்கியிருந்தான்னு கேக்கறேன்."

"செத்திருப்பான்" என்றாள். "அதனாலதான் துர்சுனாய் பக்கத்துல உக்காரணும், நீ தூங்கறப்ப. நான் சொல்லியிருக்கேன். அவ உக்காரல."

என்னை அவன் முன்னால் அப்படிச் சொன்னாள். நான் அந்த அறையில் தனியாக ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியும். "எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. மூணாவது கை வேணும்னா உங்க பிஷ்கெக்லேருந்து வரவழைங்க" என்றேன். அவள் காற்றடிக்கும் பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் என் ஷிப்டுக்கு இன்னொரு நர்ஸைப் பிடித்து வந்தாள். ஓர்மோன்பெக்கோடு அதற்காக ஒரு சண்டை போட்டிருப்பாள். எனக்காகப் போட்டாள் என்று நான் நினைக்கவில்லை.

நூர்ஜாத்துக்கு நினைவு தெளிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தபோது, அவளுக்குப் பெரியவனைப் பற்றி முறைப்படி சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் வந்து, உட்கார்ந்து, ரொட்டி பிட்டு. அவள் முகம் வீங்கியிருந்தது. வாசலில் நின்று புருஷனையும் அவன் மார்பில் இருந்ததையும் பார்த்தாள்.

"என்கிட்டக் குடு."

துராத் அண்ணாந்து பார்த்தான். "முதல்ல கையைக் கழுவு. முழங்கை வரைக்கும்."

நூர்ஜாத் கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். அவன் குழந்தையை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே போய் லாரிக்குப் பின்னால் நின்றான். அவன் சத்தமாக அழுதது வார்டு வரை கேட்டது. ஐஜார்கின் ஜன்னலைச் சாத்தினாள். குளிர் வருகிறது என்றாள்.

மாகாணத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தண்ணீரின் பரிசோதனை முடிவும் அவர்களோடு வந்தது. அதில் கிருமி இருந்தது, கொல்லக்கூடிய கிருமி. ஆனால் அவர்கள் வந்தது தண்ணீருக்காக இல்லை. பனியில் கிடந்து இரண்டு இன்குபேட்டரிலும் உள்ளே ஏதோ வெடித்துப்போயிருந்தது. அரசாங்கச் சொத்துச் சேதம், மேலதிகாரியிடம் அவமரியாதை, துக்கத்தில் இருந்த குடும்பத்திடம் மனிதத்தன்மையில்லாத நடத்தை. இவைதான் புகார்.

என்னைக் கேட்டார்கள். "குழாய்த் தண்ணி ஊத்தினோம். கழுவணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல. அவங்க சொன்னாங்க. எங்களைத் திட்டித்தான் சொன்னாங்க. நாய் மாதிரி நடத்தினாங்க. ரெண்டும் உண்மை" என்றேன்.

துராத்தைக் கேட்டார்கள். ஓர்மோன்பெக் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவனைத்தான் அவர் நம்பியிருந்தார். துராத் உட்காரவில்லை.

"இந்தப் பொம்பளை கெட்டவ" என்றான். "நடுவாசல்ல வச்சு, என் பிள்ளை செத்துட்டான்னு நாய் செத்ததைச் சொல்ற மாதிரி சொன்னா. நான் இதை மன்னிக்கப் போறதில்ல. என் பையன் கல்யாணத்துக்குக்கூட இவளைக் கூப்பிட மாட்டேன்."

ஒரு அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். "அப்ப இவங்களை மாத்தணும்னு சொல்றீங்க."

"யார் சொன்னா? நான் சொன்னேனா? மாத்தினா நானும் லாரிக்காரங்க எல்லாரும் கணவாய்ல வண்டியை நிறுத்திடுவோம். நிலக்கரி இல்லாம உங்க மாகாண ஆபீஸ்ல உக்காந்து எழுதுங்க."

"உங்களுக்குத்தான் பிடிக்கலையே?"

"எனக்குப் பிடிக்கணும்னு அவளை இங்க வச்சிருக்கீங்களா?"

ஓர்மோன்பெக் தலையைக் குனிந்துகொண்டார். ஐஜார்கின் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் நன்றியோ சந்தோஷமோ எதுவும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பால் நேரம் என்று சொல்லிவிட்டு, அனுமதி கேட்காமல் வெளியே போனாள்.

அவளுக்குக் கடுமையான எச்சரிக்கை என்று தீர்ப்பு வந்தது. வேலை போகவில்லை. ஓர்மோன்பெக்கின் நாற்காலியும் போகவில்லை. தாய்மார்கள் உள்ளே இருக்கலாம் என்று ஒரு உத்தரவு வந்தது. அதில் அவள் பெயர் இல்லை, மாகாணத்தின் யோசனை மாதிரி இருந்தது. இன்குபேட்டர்களில் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்தார்கள். அதில் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. உலர்ந்தபடிதான் ஓடுகிறது. ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் அதைக் கழற்றித் துடைப்பது என் வேலை. அந்தத் துடைக்கிற மருந்தின் நெடியில் எனக்குத் தலைவலி வரும். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இன்னும் ஒரு குழந்தை செத்தது. மிகச் சிறியது, அவளும் ஒன்றும் செய்ய முடியாதது. அதைக் குறைமாதம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, எழுது என்றாள்.

துராத் பிள்ளைக்குத் தோக்தோசுன் என்று பெயர் வைத்தான். முன்னால் ஒன்று போன வீட்டில் வைக்கிற பெயர், நிற்கட்டும் என்று அர்த்தம். வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று தாழ்வாரத்தில் மறுபடி சண்டை. இவ்வளவு சின்னதாகப் பிறந்த பிள்ளைக்குக் கண்ணை பிஷ்கெக்கில் காட்ட வேண்டும் என்று ஐஜார்கின் சொன்னாள். வேலையை விட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவனை இன்னும் அலையவிடுகிறாயா என்று அவன் கேட்டான்.

"குருடனா வளந்தா அப்பவும் என்னைத்தான் திட்டுவ. இப்பவே திட்டிட்டுக் கூட்டிட்டுப் போ."

"உன் நாக்கு அழுகிப் போகும்."

"போகட்டும். இந்த வாரத்துக்குள்ள போகணும்."

அவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். ஆனால் கூட்டிப்போனான் என்று பிறகு தெரிந்தது. நூர்ஜாத் எனக்குத்தான் போன் செய்தாள். கண்ணில் ஒன்றும் இல்லையாம், விளக்கைத் திரும்பிப் பார்க்கிறானாம்.

"டாக்டர்கிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கியிருக்கார். என்கிட்டத்தான் வாங்கினார், எஜே. உங்ககிட்ட வாங்கல."

போய்ச் சொன்னேன். ஐஜார்கின் ஒரு குழந்தையின் காலில் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அடுத்த தடவை எப்பக் காட்டணும்னு கேட்டியா?"

"கேக்கல."

"போய்க் கேளு."

என் சொந்த போனில்தான் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.